கொத்தமல்லிக்கு ஏன் நாற்று விடுவதில்லை?

அன்புத் தம்பிக்கு,

தட்டில் முளைக்க வைத்த கொத்தமல்லியைப் பிடுங்கித் தொட்டியில் நட்டாயாம். நாலே நாளில் தலை தொங்கிவிட்டதாம். "நெல்லைப் பிடுங்கித்தானே நடுகிறார்கள், இதற்கு மட்டும் என்ன?" என்று சண்டைக்கு வருகிறாய். நல்ல கேள்விதான். ஆனால் வாடிய நாற்றின் வேரை ஒரு தடவையாவது பார்த்தாயா? நீ எப்போதும் இலையைத்தான் பார்ப்பாய்.

கொத்தமல்லிக்கு ஆணிவேர். விதையிலிருந்து முதலில் இறங்கும் வேரே தடித்து நேராகக் கீழே போகும். பக்கவேர்கள் அதிலிருந்துதான் கிளைக்கும். நீ இழுத்த இழுப்பில் அதன் நுனி தட்டிலேயே தங்கிவிட்டது. நெல்லுக்குச் சல்லிவேர். முளைத்த வேரின் வேலை கொஞ்ச நாளில் முடிந்துவிடும். பிறகு தண்டின் அடிக்கணுக்களிலிருந்து கொத்தாக வேர்கள் வரும். நாற்றுப் பறிக்கும்போது அவையும் அறுபடத்தான் செய்கின்றன. நட்டபின் அந்தக் கணுக்கள் புதுவேர் விடும். வெளுத்துக் கிடந்த நடவு பச்சை பிடிப்பது அப்போதுதான்.

"கத்தரிக்கும் ஆணிவேர்தானே அக்கா, அதை நாற்று விடவில்லையா?" என்பாய், தெரியும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நுனி அறுந்தால் பக்கவேர்களை மளமளவென்று விட்டுச் சமாளித்துக்கொள்ளும். கொத்தமல்லிக்கு அந்தத் தெம்பு போதாது. பிழைத்தாலும் கீரை தருவதற்குள் பூவெடுத்துவிடும். முள்ளங்கியிடம் இந்த விளையாட்டே வேண்டாம். நாம் தின்பதே அதன் ஆணிவேரைத்தான். நுனி ஒடிந்தால் கிழங்கு கவைவிட்டுக் கோணிப்போகும்.

சல்லிவேர் என்றாலே மேல்மண்ணோடு நின்றுவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். தப்பு. அம்மா பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேர் சல்லிவேர்தான். 3 மீட்டர் வரை இறங்கும். அதேபோல, முருங்கைக்கு ஆணிவேர் உண்டு என்று படித்துவிட்டு நம் கொல்லை மரத்தடியில் தேடாதே. அது போத்து நட்டு வந்த மரம். விதைக்குள் இருக்கும் முளைவேர்தான் ஆணிவேராகும். வெட்டி நட்ட கிளைக்கு அது ஏது?

நீ இலை பார்ப்பதும் வீண் இல்லை. நெல், சோளம், புல்போல நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் சல்லிவேர். வலைபோலப் பின்னியிருந்தால், விதையில் வந்த செடிக்குப் பெரும்பாலும் ஆணிவேர். பிடுங்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இந்த முறை தனியாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இரண்டாக உடை. செடி கடைசிவரை நிற்கப்போகும் தொட்டியிலேயே தூவி, மெல்லிசாக மண் போடு. ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியாகப் பார். முளைக்கப் பத்து நாள், அதற்கு மேலும் ஆகும். அதற்குள் கிளறிப் பார்க்காதே, உன் கை சும்மா இராது.

அன்புடன்,
அக்கா