மச்சு வீடுகளில் தள விரிசலும் அதன் பரிகாரமும்

மச்சின் அடிப்புறத்தில் விரிசல் கண்டவுடன் கொத்தனாரை அழைத்துச் சாந்து பூசி மறைப்பது பலருடைய வழக்கம். காரணம் அறியாமல் மூடப்பட்ட விரிசல் அபாயத்தை மறைக்குமேயன்றி நீக்காது. மச்சின் கீழே குடும்பத்தார் உறங்குவதாலும், தானியம் சேமிக்கப்படுவதாலும் இவ்விஷயத்தில் ஜாக்கிரதை அவசியமாகும்.

‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் பழைய மச்சில், மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக நிறுத்தி அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பர்.

இத்தகைய மச்சில் தோன்றும் விரிசல்கள் பெரும்பாலும் மூவகைப்படும்.

(1) வலை பின்னியதுபோன்ற மயிரிழை விரிசல்: பூச்சு விரைவில் உலர்ந்ததால் உண்டாவது. இதனால் அபாயமில்லை.

(2) சுவரும் மச்சும் கூடுமிடத்தில் நேராக ஓடும் விரிசல்: தளம் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்குவதால் உண்டாவது. இதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி குறித்து, ஒரு மழைக்காலம் கவனித்தல் வேண்டும். கோட்டைக் கடந்து வளருமாயின் சுவரையும் அஸ்திவாரத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

(3) சட்டத்தை ஒட்டி, பழுப்புக் கறையுடன் ஓடும் விரிசல்: இதுவே கொடியது. மேலிருந்து நீர் இறங்குவதற்கு இது அடையாளம். சட்டத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் அங்கே தங்கி மரம் உளுத்துப்போகும், கறையானும் சேரும். சுவரோரத்தில் சட்டத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினாலும், சட்டம் வளைந்திருந்தாலும், மனிதரையும் தானியத்தையும் உடனே அப்புறப்படுத்தி, கீழே முட்டுக் கொடுத்துத் தச்சரை அழைத்தல் வேண்டும்.

பரிகாரம் எப்பொழுதும் மேற்புறத்திலிருந்தே தொடங்க வேண்டும். நீர் வடியும் தூம்புகளைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவரோரம் முளைத்த ஆல், அரசங்கன்றுகளை வேரோடு அகற்றி, உடைந்த தட்டோடுகளை மாற்றுக. தளம் நன்கு உலர்ந்த பின்னரே அடிப்புற விரிசலை அடைத்தல் தகும். விரிசலைச் சற்று அகலப்படுத்தித் தூசி நீக்கி, நீர் தெளித்து, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பும் 2 பங்கு சலித்த மணலும் சேர்த்தரைத்த சாந்தினால் நிரப்பி, ஒரு வாரம் வரை ஈரம் காயாமல் காத்தல் வேண்டும்.

சிமெண்டுச் சாந்து விரைவில் முடியும் வேலையென்று தோன்றும். ஆயினும் அது சுண்ணாம்புத் தளத்தோடு இசைந்து அசையாது. உள்ளிருக்கும் ஈரத்தையும் எளிதில் வெளிவிடாது. ஆதலால் ஓரங்களில் மீண்டும் பிளவு காணும். மறைந்த ஈரம் மரத்தைக் கெடுக்கும்.

நெல் மூட்டைகளை மச்சின் நடுவே அடுக்குவதும் சட்டத்தை வளைத்து விரிசலுண்டாக்கும். அவ்வழக்கத்தை விடுதல் நலம்.

பழைய சாவடிகளும் பள்ளிக்கூடங்களும் பல ஊர்களில் இவ்வகை மச்சுடையனவே. கிராம உத்தியோகஸ்தர்கள் அவற்றை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னரே பார்வையிடுவார்களாயின், சிறு செலவில் முடியும் வேலை பெருஞ்சேதமாக வளராது.