நுரையீரல் புற்றுநோய்: பெயர் ஒன்று, வியாதி பல

 

நம்மவரில் ஒருவருக்கு நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டால், "இனி துஆதான்" என்று நாம் எழுந்து வந்துவிடுகிறோம். துஆ வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும், நாட்டுப்புற அரபிகள் வந்து, தாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்துகொள்ளும்படியே பணித்தார்கள். முதுமை ஒன்று நீங்கலாக, மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்பதும் அந்த ஹதீஸின் கருத்து. ஆகவே, இந்த வியாதிக்கு இன்று என்ன வைத்தியம் கண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை வைத்தியர், புற்று கண்ட ஒரு நுரையீரலை முழுவதுமாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். 1950இல் அவரும் வைண்டர் என்பவரும் சேர்ந்து, இந்த நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுநாள் சிகரெட் பிடித்தவர்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவரும் அதையே கண்டார்கள். கிரஹாமும் புகைப் பழக்கம் உடையவராகவே இருந்தவர். பிற்பாடு விட்டுவிட்டார், ஆனாலும் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே காலமானார். அவர் கத்தியால் பிழைத்த நோயாளியோ அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார். அறிவு மட்டும் போதாது, அது காலத்தோடு வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதன்பின் நெடுங்காலம் வைத்தியம் மூன்றே வகையாக இருந்தது: அறுப்பது, கதிர்வீச்சால் சுடுவது, கீமோ மருந்து ஏற்றுவது. யாராயிருந்தாலும் ஏறக்குறைய ஒரே மருந்துதான். இந்த நிலையைத்தான் கடந்த இருபது ஆண்டுகள் மாற்றிவிட்டன.

மாற்றம் யாதெனில், நுரையீரல் புற்று என்பது ஒரே வியாதி அன்று என்று கண்டதுதான். சிறு உயிரணுப் புற்று என்று ஒரு வகை. அது வேகமாகப் பரவும். மற்ற வகைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 85. அந்த மற்ற வகைகளுக்குள்ளும் பல பிரிவுகள் உண்டு. சிலருடைய புற்றணுவில், வளரச் சொல்லும் சுவிட்ச் ஒன்று பழுதாகி, அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அவற்றுள் ஒன்றுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். சிகரெட்டைத் தொட்டறியாதவர்களிடமும், பெண்களிடமும், கிழக்காசிய மக்களிடமும் இது அதிகமாகக் காணப்படுகிறது. அந்தச் சுவிட்சை மட்டும் அணைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன.

2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சி நாம் மனத்தில் பதிக்க வேண்டியது. ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகளைக் கொண்டு நடந்தது அது. மலேசிய, சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளும் அதில் சேர்ந்திருந்தன. ஒரு சாராருக்கு ஜெஃபிடினிப் என்ற மாத்திரையும், மற்றொரு சாராருக்குக் கீமோவும் கொடுத்தார்கள். அந்தச் சுவிட்ச் பழுதானவர்களுக்கு மாத்திரையே மேலாக இருந்தது. பழுதில்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிடத் தாழ்ந்தது! பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்கக் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

இன்று அதனினும் நல்ல மாத்திரைகள் உள்ளன. அறுவை செய்து புற்றை எடுத்தபின், ஈ.ஜி.எஃப்.ஆர். பழுதுள்ளவர்களுக்கு ஆசிமெர்டினிப் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு கழித்து நூற்றுக்கு 88 பேர் உயிரோடிருந்தார்கள். கொடுக்காதவர்களில் 78 பேர். இது 2023இல் வெளிவந்த கணக்கு.

இன்னொரு வழியும் உண்டு. நம் உடலில் அல்லாஹ் வைத்த காவற்படையைப் புற்று ஏமாற்றித் தூங்க வைக்கிறது. அதை எழுப்பும் வழி கண்டதற்காக ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிவிட்ட நோயிலும், இந்த மருந்துக்குப் பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில், ஐந்தாண்டு கடந்தவர்கள் நூற்றுக்கு 32. கீமோவில் தொடங்கியவர்களில் 16. சிறு உயிரணுப் புற்றுக்கும் 2024இல் அமெரிக்காவில் புது மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது.

இவற்றால் எல்லோரும் குணமாகிவிடுவார்கள் என்று எண்ணலாகாது. பரவிய நோயில் மாத்திரை வேலை செய்தாலும், சில காலம் சென்று புற்று வேறு வழி தேடிக்கொள்வதுண்டு. தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும் உண்டு. எழுப்பிய காவற்படை சில சமயம் சொந்த உறுப்பையே தாக்கிவிடும். ஆகையால் காலத்தோடு காண்பதே முதல் வைத்தியம்.

அதற்கும் வழி இருக்கிறது. 55 முதல் 74 வயது வரையுள்ள, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு புகைத்த அளவுக்குப் பழக்கம் இருந்தவர்களை, குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன் மூலம் ஆண்டுக்கொரு முறை பார்த்ததில், மார்பு எக்ஸ்ரே பார்த்தவர்களைவிட நுரையீரல் புற்று மரணம் நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது என்று 2011இல் கண்டார்கள். நஷ்டத்தை முதல் மாதமே கணக்கில் கண்டவன் கடையைக் காப்பாற்றுகிறான். வருஷ முடிவில் கண்டவன் கதவைச் சாத்துகிறான்.

நம் வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மூன்று வாரம் இருமினாலும், "கடையை யார் பார்ப்பது?" என்கிறோம். சளியில் ரத்தம் கண்டால், காசம் என்று பேர் வந்துவிடுமோ, சரக்குக் கொடுப்பவர் கடனை நிறுத்திவிடுவாரோ என்று மறைக்கிறோம். ஊருக்குப் போய்க் காற்று மாறினால் சரியாகிவிடும் என்று கப்பலேறிய காலம் போய், இன்று விமானம் ஏறுகிறோம்; வழக்கம் மட்டும் மாறவில்லை. உடல் அமானத் அல்லவா? அதை மறைத்து வைத்து அழிய விடலாமா?

ஆகவே, வீட்டில் எவருக்கேனும் இந்த நோய் என்றால், டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இது எந்த வகை? எத்தனையாவது நிலை? எடுத்த சதைத் துணுக்கில் சுவிட்சுப் பழுதுகளைச் சோதித்தாயிற்றா? காவற்படையை எழுப்பும் மருந்து பொருந்துமா? செலவு அதிகம் என்று அஞ்சி வாய் மூடிவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் சமூக நல அலுவலரிடம் உதவிக்கு என்ன வழி என்று விசாரியுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995ஆம் ஆண்டிலேயே புகைப்பதை ஹராம் என்று தீர்மானித்துவிட்டது. எத்தனை மருந்து வந்தாலும், விட்டுவிடுவதற்கு ஈடான மருந்து இல்லை. எந்த வயதில் விட்டாலும் ஆபத்து குறையும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.