ஏன் இன்னொரு சாயம்?

கேள்வி: அப்பாவுக்குக் காதுக்குக் கீழே இருந்த கட்டியை அகற்றி 10 நாளாகிறது. புற்றுநோய்தானாம். ஆனால் எந்த வகை என்று சொல்ல இன்னும் சில சாயச் சோதனைகள் வேண்டுமென்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்?
– ஒரு வாசகி

பதில்: காத்திருப்பு எவ்வளவு வேதனை என்று புரிகிறது, அம்மா. ஆனாலும் இது தேவையான தாமதம். காதுக்குக் கீழே இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி; அதில் வரும் புற்றுநோயில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயத்தில் சில வகைகள் ஒன்றுபோலவே தெரியும். அப்போதுதான் ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்ற சாயச் சோதனை. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் திசுச் சீவலின்மேல் இடுவார்கள். அந்தப் புரதம் இருக்கும் செல் பெரும்பாலும் பழுப்பாக மாறும்.

அசினிக் செல், செக்ரீட்டரி என்ற இரு வகைகளைப் பாருங்கள். இரட்டைப் பிள்ளைகள்தான். 2010-இல்தான் இரண்டாவதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். டாக்-1 என்ற புரதத்துக்கான சாயம் முதலாவதில் ஏறும்; மற்றதில் பொதுவாக ஏறாது. செக்ரீட்டரியில் எஸ்-100, மம்மகுளோபின் என்ற புரதங்களுக்கான சாயங்கள் இரண்டும் ஏறும். ஒரே சாயத்தை நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை; அதனால்தான் நாள் பிடிக்கிறது.

பெயர் தெரிந்தால் மருந்தும் மாறலாம். செக்ரீட்டரி வகை பரவினால் லாரோட்ரெக்டினிப் உதவக்கூடும். உமிழ்நீர் நாளப் புற்றுநோயில் ஹெர்-2 புரதம் இருந்தால் டிராஸ்டுசுமாப் மருந்தைப் பற்றி யோசிப்பார்கள்; ஆண்ட்ரோஜன் ஏற்பி இருந்தால், புராஸ்டேட் புற்றுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையைக்கூட.

மருத்துவமனை மாறினால், அங்கும் சோதிக்க வசதியாக, ரிப்போர்ட்டோடு கண்ணாடி ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.