பழைய மென்பொருளை மாற்றப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

பில்லிங் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. விண்டோஸை அப்டேட் செய்தால் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு வேண்டிய விவரத்தை மாதாமாதம் எக்செல்லில் கையால் அடிக்கிறார்கள். இந்த நிலைமையில் இருக்கும் முதலாளிக்கு, 'மூன்றே மாதத்தில் எல்லாம் மாற்றித் தருகிறோம்' என்று லேப்டாப்போடு வந்து நிற்பவர் தெய்வமாகத்தான் தெரிவார்.

அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் கோடிகளைத் தொலைத்த நிறுவனங்களில் பலவும், பழைய மென்பொருள் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாமலே அதைக் கழற்றியவை.

படி 1: காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

'பழசாகிவிட்டது' என்பது காரணம் ஆகாது. விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற புரோகிராம் மொழிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டம் கேட்பதை உங்கள் மென்பொருளால் தர முடியவில்லை என்றால் அது காரணம். உதாரணத்துக்கு, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் இருந்தாக வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய புரோகிராமில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு குறைவு.

படி 2: பழையது செய்யும் வேலையை உட்கார்ந்து பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. மென்பொருளின் மெனுவைப் பார்த்துப் பட்டியல் போட்டால் பாதிதான் தேறும். மீதி, அதைத் தினமும் தட்டுகிறவரின் கையில் இருக்கிறது. பார்ட்டியின் பெயருக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்திருந்தால் 'இவருக்குக் கடன் கிடையாது' என்று அர்த்தமாக இருக்கலாம். முகவரியின் மூன்றாவது வரியில் லாரி ஆபீஸ் பெயர் இருக்கலாம். இவை எதுவும் எந்தக் கையேட்டிலும் கிடையாது. புது மென்பொருளுக்கு டேட்டாவை மாற்றுகிறவர், தேவையில்லாத புள்ளி என்று அதைத் துடைத்துவிடுவார். அடுத்த வாரமே அந்தப் பார்ட்டிக்குக் கடனில் சரக்கு போகும்.

அதனால் ஒரு மாதக் கடைசி வாரம் முழுக்கக் கணக்குப் பிரிவில் உட்காருங்கள். கணக்கர் எதை அடிக்கிறார், எதற்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார், எந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கையால் திருத்துகிறார் என்று எழுதுங்கள். அந்தத் தனி நோட்டு ரொம்ப முக்கியம். மென்பொருள் செய்யாமல் விட்டதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஆட்களை முதலில் அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருள் சாட்சி. நாற்பது வருடப் பழைய முறையை மாற்றி 2016இல் அதைக் கொண்டுவந்தார்கள். பல துறைகளில் இருந்த அனுபவசாலியான சம்பளப் பிரிவு ஊழியர்களை அதற்கு முன்பே குறைத்து, வேலையை மிராமிச்சி என்ற ஊருக்கு மாற்றியாயிற்று. செலவை அடக்க, முன்தேதியிட்ட சம்பள பாக்கியைக் கணக்கிடுவது போன்ற வசதிகளையும் வெட்டினார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்தது. வருடங்கள் கழிந்தும் அது சரியாகவில்லை.

படி 3: வளைய வேண்டியது யார் என்று முடிவெடுங்கள்

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம், ஸ்டாக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் கொண்டது. அவர்கள் வாங்கிய எஸ்ஏபி மென்பொருள் சில்லறை விற்பனை விலையில் மதிப்பிடும். வழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை வளைத்தார்கள். சுமார் ஏழு வருடமும் 50 கோடி யூரோவும் செலவானதாகச் சொல்லப்பட்ட அந்தத் திட்டத்தை 2018இல் கைவிட்டார்கள்.

'நாங்க எப்பவும் இப்படித்தான் செய்வோம்' என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். வாடிக்கையாளருக்காக என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய மென்பொருளில் வேறு வழி இல்லாததால் என்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: டேட்டாவைக் கழுவுங்கள்

ஒரே வாடிக்கையாளர் நான்கு பெயரில் இருப்பார். ஐந்து வருடமாக விற்காத சரக்கு ஸ்டாக்கில் இருக்கும். இதையெல்லாம் பழைய மென்பொருளிலேயே சரிசெய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் அந்த அப்புறம் வரவே வராது.

தமிழில் பெயர் அடித்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பல எழுத்துருக்களில் அடித்தவை உள்ளே ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். பாமினியில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே பெயரில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் அவை ஆங்கிலத்தையும் தமிழாக்கி உளறும். நூறு பெயரையாவது கண்ணால் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

படி 5: தேதியை வியாபாரம் பார்த்து வையுங்கள்

அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே, நான்கு வருடம் பிடிக்கும் என்ற வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கப் பார்த்தது. ஏப்ரலில் முடியாமல் 1999 ஜூலையில் புது மென்பொருளை ஓட்டினார்கள். அது ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர் குவியும் நேரம். கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

நம் ஊரில் ஏப்ரல் 1 என்றால் எல்லோருக்கும் ஆசை. அதே நாளில்தான் உங்கள் கணக்கர் வருடக் கடைசி வேலையில் மூழ்கியிருப்பார். ஆடிட்டர் முடிக்கும்வரை ஆரம்ப இருப்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஜூலை 1 தேவலை என்பது என் கட்சி. ஆடித் தள்ளுபடி போடும் ஜவுளிக்கடைக்கு அது ஆகாது. நடுவில் மாறும்போது பில் எண் வரிசையை மறக்காதீர்கள்: ஜிஎஸ்டி விதிப்படி ஒரே நிதியாண்டில் ஒரு எண் இரண்டு முறை வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக்கூடாது. புது வரிசைக்கு வேறு முன்னெழுத்து வையுங்கள்.

படி 6: முழு ஒத்திகை பாருங்கள்

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கைப் புது அமைப்புக்கு மாற்றியது. இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றில் மட்டும்தான் பளு தாங்குமா என்று சோதித்திருந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம்: குறைந்தது ஒரு முழு மாதம் இரண்டிலும் பதிவு செய்யுங்கள். ட்ரயல் பேலன்ஸ், பார்ட்டி பாக்கி, ஸ்டாக் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரட்டை வேலை என்று ஊழியர்கள் முணுமுணுப்பார்கள். ஓவர்டைம் கொடுங்கள். மென்பொருள் நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை, அந்த மாதம் ஒத்துப்போகும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு அவர்களை விட்டு விலகினால் உங்கள் டேட்டா முழுவதையும் எக்செல்லில் திறக்கும்படி தர வேண்டும் என்ற வரியும் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

படி 7: பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

கம்பெனிகள் எட்டு வருடக் கணக்குப் புத்தகங்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். டாஸ் காலத்துப் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் நேரடியாகத் திறக்காது. அதைப் படிக்க அந்தப் பழைய கணினியே வேண்டியிருக்கும். இன்டர்நெட் இணைப்பைக் கழற்றி, புதுப் பதிவு எதுவும் போட முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு பேக்கப் எடுத்து ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன் செய்து, ஒரு பழைய பில்லைத் தேடி பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.