தலைச்சன் பிள்ளையும் முதல் நாற்பது நாளும்: புதுத் தாய்மாருக்கு 16 குறிப்புகள்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது திருவேங்கடம், குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் வழக்கம். பச்சைப்பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் ஆச்சி, அத்தை, மதினி, எதிர்வீட்டுக்காரர் என்று யோசனை சொல்ல ஆள் கூடிவிடும். அதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. பிரித்துப் பார்க்க ஒரே கணக்குத்தான்: கைப்பக்குவம் எல்லாம் தாய்க்கு, பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்.

1. சேனை வேண்டாம். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் தேனோ சீனித்தண்ணியோ பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சாகி, உடம்புத் தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடலாம். சேனை வைக்க ஆசைப்படும் தாத்தாவிடம், பிள்ளையை முதலில் மடியில் வாங்கிக் காதில் பெயர் சொல்லும் உரிமையைக் கொடுங்கள். அவருக்கும் மனம் நிறையும்.

2. சீம்பால்தான் முதல் மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுங்கள். சிசேரியன் ஆனாலும் தாய் கண்விழித்ததும் நர்ஸம்மா உதவியோடு கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு அது போதும். "பாலே ஊறல" என்று சொல்லி, டாக்டர் சொல்லாமல் பவுடர் பால் கரைக்காதீர்கள். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

3. கவ்வும் விதத்தைப் பாருங்கள். காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். வாயை நன்றாகத் திறக்கவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகும்படி கொடுங்கள். பிள்ளையின் நாடி மார்பில் பதிந்திருக்க வேண்டும். இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை கொடுப்பது சாதாரணம்.

4. பால் போதுகிறதா என்பதை மூத்திரத்துணி சொல்லும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நனைத்தால் போதுகிறது என்று பொருள். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பழைய எடை திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

5. சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் தேவையில்லை. கரிசல் காட்டு வெக்கையில் தாகம் தாய்க்குத்தான். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

6. உரைமருந்துக் கல்லை எடுத்து வையுங்கள். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் உரைத்துப் புகட்டும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லிலும் விரலிலும் உள்ள கிருமியும் சேர்ந்து போகும். சங்கில் ஊற்றினால் புரையேறும். தெருவில் கறந்து விற்கும் கழுதைப்பாலும் கடையில் விற்கும் கிரைப் வாட்டரும் இதே கணக்குதான்.

7. ஆச்சியின் கைப்பக்குவம் தாயின் தட்டுக்கு வரட்டும். உளுந்தஞ்சோறு, எள்ளுத்துவையல், பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் தெம்பு தரும். பத்தியம் என்று காயையும் பழத்தையும் தண்ணீரையும் குறைப்பதுதான் தப்பு. ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை ஆறு மாதம் விடாமல் சாப்பிடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. தொப்புள்கொடியில் ஒன்றும் தடவாதீர்கள். எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். இடுப்புத்துணியைத் தொப்புளுக்குக் கீழே கட்டுங்கள். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ காத்திருக்க வேண்டாம்.

9. குளிப்பாட்டும் பாட்டியிடம் நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள். பிறந்து ஒரு நாளாவது போகட்டும். கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதன் பிறகு காலில் போட்டுக் குளிப்பாட்டலாம். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது, வாயால் ஊதக்கூடாது, மூக்கைப் பிடித்து நீவக்கூடாது, பிள்ளையின் மார்பைப் பிதுக்கக்கூடாது. பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கிப் பால்போல் கசிவது தாயின் ஹார்மோனால் வருவது, தானே வற்றிவிடும்.

10. மை கண்ணுக்குள் வேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருக்கும். கண்ணில் தொற்றும் வரலாம். கண்ணேறு படும் என்று பயந்தால் உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும். சாம்பிராணிப் புகை பச்சை நுரையீரலுக்கு ஆகாது. தலையைத் துணியால் ஒற்றி எடுத்தாலே காயும்.

11. மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாய் சமமாக இருக்கட்டும். தலையணையும் பஞ்சுப் பொம்மையும் பக்கத்தில் வேண்டாம். சேலைத் தொட்டிலில் போட்டால், நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடாதபடி பார்க்க ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் வேண்டும். பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டிவிட்டுப் படுக்க வையுங்கள்.

12. சூடு, குளிர் பார்க்க நெஞ்சைத் தொடுங்கள். வேர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். ஃபேன் போடலாம், முகத்துக்கு நேராக வேண்டாம். ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் அடிக்கும்போது துணி காயாது. மாற்றுத்துணி கூடுதலாக வைத்திருங்கள். நெஞ்சு சில்லென்று இருந்தால் தாயின் வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்துங்கள்.

13. பீடி முறமும் தீப்பெட்டி ஆபீஸ் சேலையும் பிள்ளையை அண்டக்கூடாது. வீட்டில் பீடி சுற்றுபவர்கள் புகையிலைத் தூளைப் பிள்ளை படுக்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போய் வருபவர்கள் கை முகம் கழுவி, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

14. மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் முகம் லேசாக மஞ்சளிப்பது பல பிள்ளைகளுக்கு உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ உடனே ஆஸ்பத்திரி. இளவெயிலில் காட்டுவது வைத்தியம் ஆகாது.

15. உரம் எடுக்கவும் தொக்கம் எடுக்கவும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். சேலையில் போட்டு உருட்டுவதும், வாயில் ஊதுவதும், வயிற்றை நீவுவதும் பிள்ளைக்குக் காயம் உண்டாக்கும். போன நேரமும் திரும்பாது. பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 தடவைக்குக் குறையாத மூச்சு, விலா உள்ளிழுப்பது, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். சங்கரன்கோவிலா, தென்காசியா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம்; வண்டியில் வருபவர் சொல்வார். வழியில் பிள்ளை தாயின் மார்போடு இருக்கட்டும்.

16. தடுப்பூசி, சான்றிதழ், தாயின் தூக்கம் மூன்றையும் ஆண்கள் பொறுப்பில் விடுங்கள். பிறந்ததும் போடும் ஊசிகளுக்குப் பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் அடுத்த தவணைகள். புதன்கிழமைகளில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் சேர்த்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இரவில் துணி மாற்றுவதும் தட்டித் தூங்கவைப்பதும் அப்பா செய்யக்கூடிய வேலைகளே. பிரசவமான முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் வெறுப்பும் நீடித்தால் "பேய் பிடிச்சிருக்கு" என்று கோடாங்கியைத் தேடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 104 அல்லது 14416-ல் பேசினாலும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.