பனிப்பாதையில் பரம்படிப்பவர்கள்

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கும் மகன் ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறான். அது ஓடும் பனிப்பாதைகளை அரசு போடவில்லை, கிளப்காரர்களே பராமரிக்கிறார்கள் என்கிறான். காசு எங்கிருந்து வருகிறது?
- வாசகர், பழனிசெட்டிபட்டி

பதில்: ஓட்டுகிறவர்களிடமிருந்துதான். ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்புப் பாதையில் வண்டி இறக்க வேண்டுமென்றால் பெர்மிட் வாங்கியாக வேண்டும். பனிக்காலத்துக்கு முன்பே வாங்கினால் விலை குறைவு. அந்தப் பணம்தான் டீசலாகவும் உதிரிபாகமாகவும் மாறுகிறது.

மற்றதெல்லாம் உடல் உழைப்பு. இலையுதிர் காலத்திலேயே தன்னார்வலர்கள் புதர் வெட்டி, சிறு பாலங்களைச் சரிபார்த்து, அடையாளக் குச்சிகளை நடுகிறார்கள். பனி விழுந்ததும் டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் கட்டி இழுக்கிறார்கள். நம் வயலில் பரம்படிப்பது மாதிரிதான்: முன்னால் உள்ள தகடுகள் மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பும், பின்பலகை அழுத்தி மட்டமாக்கும். பெரும்பாலும் இரவில்தான் இந்த வேலை. குளிரில் பனி இறுக, வண்டி ஓடாத சில மணி நேரம் வேண்டும்.

ஊரார் சேர்ந்து ஏரி, கண்மாய்களைப் பராமரிக்கும் உங்கள் பக்கத்துக் குடிமராமத்து நினைவுக்கு வரலாம். 2017-இல் தமிழக அரசு அதை மீட்டெடுத்தபோது செலவில் 10 சதவீதம் விவசாயிகளின் பங்கு என்று வைத்தார்கள். பணமாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பாதையின் பெரும்பகுதி தனியார் நிலம், உரிமையாளரின் தயவு. யாரோ ஒருவர் பாதை விலகிக் குளிர்கால கோதுமையை மிதித்தால், நிலத்துக்காரர் வழியை அடைத்துவிடலாம். மகனிடம் இதை முதலில் சொல்லிவையுங்கள்.