மலையிறங்கும் ஜீப்பு வண்டிகளும் தினசரிப் பரிசோதனையும்

போடிநாயக்கனூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட ஜீப்பு வண்டிகளை வைத்து நடத்தி வருகிறார்கள். விடியுமுன் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களில் இறக்கிவிட்டு, அந்தியில் அவர்களைத் திரும்ப அழைத்து வருவதே இவ்வண்டிகளின் முக்கிய வேலையாகும். உரமூட்டை, மருந்து தெளிக்கும் கருவி, விறகு, உலர்ந்த காய் ஆகியவையும் இவற்றிலேயே போய்வருகின்றன. ஆயினும், செடியில் பேன் விழுந்திருக்கிறதா, தண்டில் புழு துளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் குனிந்து பார்க்கும் சொந்தக்காரர், தம் வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பது அபூர்வமாகவே இருக்கிறது.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்த அலட்சியம் இருந்ததில்லை. வண்டிக்காரன் அச்சுக்கு மையிட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்து, பூட்டாங்கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகே மாடுகளைப் பூட்டினான். கடையாணி கண்ணுக்குத் தெரியும் பொருளாதலால் அதைப் பார்க்கும் பழக்கம் தானே ஏற்பட்டது. மோட்டார் வண்டியிலோ உயிரைக் காக்கும் உறுப்புகள் பெரும்பாலும் மறைவாக இருக்கின்றன. யந்திரம் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டால் வண்டி சரியாக இருக்கிறதென்று எண்ணிவிடுவது மனித சுபாவம். யந்திரம் கிளம்புவதற்கும் வண்டி நிற்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

போடிமெட்டுப் பாதையின் தன்மையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முந்தலுக்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இப்பாதையில், போடியிலிருந்து மெட்டு வரை வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. காலையில் ஏறும்போது யந்திரத்துக்குத்தான் கடினமான வேலை. பிரேக்குக்கு வேலை மிகவும் குறைவு. பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தளர்ந்துவிடுமாதலால், பழுதடைந்த பிரேக்கும் காலை நடையில் தன் குறையைக் காட்டாமல் மறைந்திருக்கக்கூடும். மாலையில் நிலைமை தலைகீழாகிறது. ஆட்களும் பாரமும் சேர்ந்து 2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்குகையில் அடக்கப்பட வேண்டிய சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறுவதாகக் கொண்டால், அது 60 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இந்த உஷ்ணத்தில் ஒரு பகுதியை யந்திரமும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். மீதி யாவும் நான்கு சக்கரங்களிலுள்ள சிறு இரும்புப் பாகங்களில் இறங்குகிறது. ஆகவே, "காலையில் நன்றாகத்தானே ஏறிற்று" என்ற சொல் மாலை இறக்கத்துக்கு ஒரு சான்றாகாது. பரிசோதனையைக் காலையில் ஒருமுறை செய்வதுடன் நில்லாமல், தோட்டத்திலிருந்து புறப்படுமுன் மறுமுறையும் செய்ய வேண்டியதற்குக் காரணம் இதுவே.

உஷ்ணத்தால் பிரேக்கு இருவகையில் கெடுகிறது. டிரம் வகைப் பிரேக்கில் டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது; ஷூவின் பிடிப்பும் குறைகிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டாவது வகை இதனினும் கொடியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்குச் சுமார் நாலு பங்கு நீர் கலந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயினுள் ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். டிரைவர் மிதித்தவுடன் பெடல் வெறுமையாகத் தரை வரை போய்விடும். அரைமணி நேரம் கழித்து, வண்டி ஆறிய பின் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கும். விபத்துக்குப் பின் வண்டியைப் பார்ப்பவர்கள் "பிரேக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல நேருவதும் இதனாலேயாம். ஏலமலைபோல் மழையும் பனியும் மிகுந்த இடத்தில் ஆயிலை ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன், முழுவதும் மாற்றிவிடுதல் நலம்.

இவ்விடத்தில் ஒரு தீய வழக்கத்தையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை. டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், யந்திரத்தையே நிறுத்திவிட்டு உருட்டி வருவதும் சிலரிடம் காணப்படுகின்றன. யந்திரம் நின்றால் அது வண்டியைப் பிடித்து இழுக்கும் உதவி போய்விடுகிறது. பிரேக்குக்கு வலிமையூட்டும் பூஸ்டரும் இரண்டொரு மிதியில் பயனற்றுப் போகிறது. எந்தக் கியரில் ஏறினதோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய விதி. அதைவிட நல்ல விதி இன்னும் ஏற்படவில்லை. இவ்வழக்கத்தால் மிஞ்சும் டீசல் பிரேக் ஷூவின் விலைக்குக்கூடக் காணாது.

காலைப் பரிசோதனை, ஆட்கள் ஏறுமுன் செய்யப்பட வேண்டும். ஆட்கள் ஏறி அமர்ந்தபின் எவரும் வண்டியை நிறுத்தத் துணியார். முதலாவதாக, இரவு வண்டி நின்ற தரையைப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தென்பட்டால் அது பிரேக் ஆயில் கசிவாக இருக்கலாம். அந்த வண்டி அன்று மலையேறக்கூடாது. பின்பு பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில், யந்திர ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றின் மட்டத்தையும் காண வேண்டும். பிரேக் ஆயில் மட்டம் நாளுக்கு நாள் குறைந்தால் அதை ஊற்றி நிரப்புவது மருந்தாகாது. கசிவோ ஷூவின் தேய்மானமோ இருக்க வேண்டுமென அறிந்து காரணத்தைத் தேடுவதே முறை.

யந்திரத்தை நிறுத்திய நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்து, பின் அழுத்திப் பிடித்துக்கொண்டே யந்திரத்தைக் கிளப்பினால், பெடல் சிறிது கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டர் வேலை செய்யவில்லை என்று அறியலாம். அப்படியே முப்பது எண்ணும் வரை அழுத்தி வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவுண்டு. மிதிக்கையில் பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இச்சிறு சோதனை முழுவதற்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது; கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஹாண்டு பிரேக்கை ஏற்றமான ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பதும் இதனுடன் சேரும்.

டயரைக் குளிர்ந்த நிலையில் அளப்பதே சரியான அளவு. பொத்தானின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தோட்டத்துக் கல்பாதைகளில் டயரின் உட்பக்கச் சுவர் வெட்டுப்படுவது அதிகம். அது வெளியிலிருந்து தெரியாதாதலால் விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்துள்ளது என்பதற்கு அது அடையாளம். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழே பார்த்தால் இணைப்புகளின் ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்பிரிங் பட்டைகளில் முறிவு உண்டா என்பதையும் அப்போதே காணலாம். விளக்குகள், ஹாரன், வைப்பர், பின்கதவின் கொக்கி இவை எல்லோரும் அறிந்தவையே. கற்கள் கிடைக்குமென்று நம்பாமல், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு முட்டுக்கட்டைகளை வண்டியிலேயே வைத்திருப்பது உத்தமம்.

போடியிலிருந்து முந்தல் வரை பாதை பெரும்பாலும் சமமானது. அங்கு இரண்டு நிமிடம் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பாகத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், நான்கில் ஒன்று மாத்திரம் அதிகச் சூடாக இருப்பது தெரியவரும். அச்சக்கரத்தில் பிரேக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. மலையடிவாரத்தில் தெரிந்தால் திரும்பிவிடலாம். பத்தாவது வளைவில் தெரிந்து பயனில்லை.

மாலைப் பரிசோதனை சுருக்கமானது: பிரேக் ஆயில் மட்டம், பெடல் சோதனை, டயர், விளக்குகள், ஏற்றிய பாரம். வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மேல்தட்டில் மூட்டைகளை அடுக்கினால் வண்டியின் பாரமையம் உயர்ந்து வளைவில் சாயும் இயல்பு மிகும். ஆதலின் மூட்டையும் ஆட்களும் ஒரே நடையில் வருவது கூடாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்று 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்திருக்கிறது. அபராதம் சிறிதாகத் தோன்றலாம். பிரேக்கின்மேல் ஏறும் பாரத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

இவையெல்லாம் டிரைவர்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் ஏன் செய்யப்படுவதில்லை என்பதே ஆராய வேண்டியது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியுள்ள இடத்தில், குறையைச் சொல்லி வண்டியை நிறுத்தும் டிரைவர் அன்றையக் கூலியை இழக்கிறார். சொல்லாதிருப்பவருக்குக் கூலி கிடைக்கிறது. இந்த ஏற்பாடு இருக்கும் வரையில் எத்தனை நோட்டுப் புத்தகங்கள் அச்சடித்துக் கொடுத்தாலும் அவற்றில் "குறை ஒன்றுமில்லை" என்றே எழுதப்பட்டிருக்கும். ஆகையால், குறை கண்டு நிறுத்திய நாளுக்கும் டிரைவருக்குக் கூலி உண்டு என்றும், அவர் நிறுத்திய வண்டியைச் சொந்தக்காரரோ கங்காணியோ மெக்கானிக் பார்க்குமுன் கிளப்பச் சொல்வதில்லை என்றும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதையே நோக்குகிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190 ஆவது பிரிவு, சாதாரண கவனத்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையுள்ள வண்டியை ஓட்டியவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரையும் ஓட்டவிட்டவரையும் தண்டனைக்கு உட்படுத்துகிறது. எப்.சி. இருக்கிறதே என்பது போதிய சமாதானமாகாது. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டியையும் இன்ஸ்பெக்டர் வருஷத்தில் ஒருநாள்தான் பார்க்கிறார். மற்ற நாட்களுக்குப் பொறுப்பு சொந்தக்காரருடையது. பிரிட்டனில் லாரி, பஸ் நடத்துவோர் டிரைவர்கள் எழுதிக்கொடுக்கும் குறைச்சீட்டுகளைக் குறைந்தது பதினைந்து மாதம் பாதுகாத்து வைக்க வேண்டுமென்று அங்குள்ள போக்குவரத்து இலாகா கேட்கிறது. போடியில் ஐந்து வண்டி நடத்துபவருக்கு வண்டிக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அதில் "சரி" என்ற சொல்லுக்கு இடம் வைக்காமல், நாலு டயரின் காற்றளவையும், பிரேக் ஆயில் மட்டத்தையும், பார்த்த நேரத்தையும் எண்ணாக எழுதச் செய்ய வேண்டும். எண்ணை எழுத வண்டியண்டை போயாக வேண்டும். நான்கு டயருக்கும் ஒரே எண் முப்பது நாளும் தொடர்ந்து காணப்பட்டால், யாரும் பார்க்கவில்லை என்று சொந்தக்காரர் தெரிந்துகொள்ளலாம்.

காய்ப்பறிப்பு மும்முரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையிலேயே இச்சரிவில் மழையும் மூடுபனியும் மிகுதி. ஒரு வண்டி நின்றால் ஒருநாள் பறிப்பு நின்றுவிடுமே, முற்றிய காய் உலர்த்துகையில் வெடித்து விலை குறையுமே என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பறிப்புக்கும் அடுத்ததற்கும் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை இடைவெளி விடும் பயிரில், ஒருநாள் தாமதத்தால் கெடுவது கூடைகளில் ஒரு சிறு பங்கே. மேலும் இதற்குப் பரிகாரம் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நால்வர் சேர்ந்து பறிப்புக் காலத்துக்கு மட்டும் ஒரு மாற்று வண்டியைப் பேசி வைத்துக்கொள்ளலாம். செலவு நாலு பங்காகும்.

கிராம அதிகாரிகளுக்கு வண்டியைச் சோதிக்கும் அதிகாரம் இல்லை. அது மோட்டார் வாகன இன்ஸ்பெக்டருடையது. ஆயினும் எந்த வண்டியில் எத்தனை பேர் எந்தத் தோட்டத்துக்குப் போயினர் என்ற பட்டியை வண்டிக்காரர்கள் புறப்படுமுன் ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லும்படி அவர்கள் ஏற்பாடு செய்யலாம். இருட்டிய பின்னும் வண்டி திரும்பாவிடில், தேடுவோருக்கு முதலில் வேண்டியது அந்தப் பட்டியே.

பிரேக் ஆயிலைப் பெரிய டப்பாவாக வாங்குவது மலிவு என்று வாங்கி, மூடியைத் திறந்தபடி கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அது டப்பாவிலேயே ஈரத்தை உறிஞ்சிவிடும். சிறு டப்பாக்களாக வாங்கித் திறந்த தேதியை மேலே எழுதி, மழை மாதங்களில் மீந்ததை மறுமாதத்துக்கு வைத்துக்கொள்ளாமல் தள்ளிவிட வேண்டும்.